அருவானா ஏரியில் கை தூக்கும் நாள்

இந்தப் பெருவிழாவுக்குத் தலைமை தாங்க வந்து, அதற்கென்றே புதுச் சட்டை தைத்து, கழுத்துப் பொத்தான் இறுக்குவதைக்கூடப் பொருட்படுத்தாமல் வீற்றிருக்கும் எங்கள் மூப்பர், வலை வீச்சிலும் வாய் வீச்சிலும் வல்லவரான எராஸ்மோ ஐயா அவர்களே!

அருவானா ஏரிக்கரையில் அடுப்பையும் அணையவிடாமல் ஆராதனையையும் அணையவிடாமல் காத்துவரும் அன்னையரே! வெள்ளம் ஏறினாலும் வலையை விடாத, வெயில் ஏறினாலும் வேலையை விடாத அண்ணன்மாரே, தம்பிமாரே! துகுமான் துறையிலிருந்து விடியும்போதே படகேறி, வழியெல்லாம் பாடி, பாட்டில் பிழை வந்த இடத்தில் எல்லாம் மோட்டார் சத்தத்தின்மேல் பழியைப் போட்டு வந்து சேர்ந்திருக்கும் என் சபையாரே! கடல் கடந்து, காலம் கடந்து, முழங்கால் வலியையும் கடந்து மீண்டும் எங்களைப் பார்க்க வந்து, இரண்டு கைகளிலும் உங்கள் ஊர்க் குழந்தைகளை அணைத்தபடி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் லோயிஸ் அம்மா அவர்களே!

இறுதியாக, என் வலப்பக்கத்தில் ஆளில்லாமல் அமர்ந்திருக்கும் இரண்டு நாற்காலிகளே! உங்களுக்கும் என் அன்பான வணக்கம்!

சிரிக்காதீங்க. நாற்காலிக்கு வணக்கம் சொல்ற அளவுக்கு எனக்கு இன்னும் புத்தி கெடலை. அங்கே யாரு, தூணுக்குப் பின்னால கழுத்தை நீட்டி நீட்டிப் பாக்குறது? பாஸ்டர் எங்கேன்னுதானே தேடுறீங்க? கூட வந்த வெள்ளைக்காரப் பெரியவர் எங்கேன்னுதானே? ரெண்டு பேரும் பத்திரமா இருக்காங்க. எங்கே இருக்காங்கன்னு முடிக்கும்போது சொல்றேன். சொல்லாம இறங்கினா அந்த நாற்காலியைத் தூக்கி என் தலையிலயே போடுங்க!

என் பெயர் ஜசிரா. துகுமான் துறையில் மீன் பொரித்து விற்பவள். உங்களுக்கும் எங்களுக்கும் போதகராக இருக்கும் வால்டெனோர் இருக்கிறாரே, அவருக்கு நான் மாமியார். மருமகன் கதையைச் சொல்ல மாமியாரை மேடை ஏற்றிய சபை இந்த மதெய்ரா ஆற்றின் நீளத்துக்கும் வேறு எங்காவது உண்டா? என் மருமகனைப் பற்றி நான் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி எங்கள் துறையில் ஒருவரும் கேட்டதில்லை. இன்று சொல்லப் போகிறேன். எராஸ்மோ ஐயா, கெட்டியாப் பிடிச்சுக்குங்க, மேடைப் பலகை பழசு.

அன்பானவர்களே! இன்று என்ன நாள்? இத்தனை காலம் துகுமான் சபையின் கிளையாக இருந்த நீங்கள் இன்று தனிச் சபையாகிறீர்கள். உங்களுக்கென்று ஒரு போதகரை நீங்களே தெரிந்தெடுக்கப் போகிறீர்கள். முன்வரிசையில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே அமரில்டோ, மரவள்ளி மாவு வறுக்கும் அமரில்டோ, அவரைப் போதகராக அழைப்பதா வேண்டாமா என்று இன்னும் சற்று நேரத்தில் தலைவர் கேட்பார். நம் பாப்டிஸ்ட் சபைகளில் மேலிருந்து ஒருவர் ஆள் அனுப்புவதில்லை. அரசரும் இல்லை, ஆயரும் இல்லை. ஆளுக்கு ஒரு கை. எழுந்தால் ஆம், எழாவிட்டால் இல்லை. அவ்வளவுதான்!

அவ்வளவுதானா? கையைத் தூக்குவது அவ்வளவு எளிதா? எங்கள் துறையில் அதைக் கற்றுக்கொள்ள நாங்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

வெண்டல் போதகரும் லோயிஸ் அம்மாவும் எங்கள் துறைக்கு வந்த நாள் இன்னும் என் கண்முன் நிற்கிறது. அவர் கனடா நாட்டில் கோதுமை விளையும் சீமையில் பிறந்தவர். அங்கே குளிர்காலத்தில் ஆறு உறைந்து கிடக்குமாம், மனிதர்கள் மேலேயே நடப்பார்களாம். அப்படிப் பழகிய கால்! படகிலிருந்து இறங்கு பலகையில் காலை வைத்தார். பலகை ஒரு பக்கம் போனது, போதகர் ஒரு பக்கம் போனார். எங்கள் துறையில் முதன்முதலில் முழுகி எழுந்தவர் யார்? ஞானஸ்நானம் கொடுக்க வந்தவரேதான்!

முழுகினாரே தவிர, எழவில்லை. இதோ இருக்கிறாரே எராஸ்மோ ஐயா, இவர்தான் குதித்துக் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்.

"யோவ், நீச்சல் தெரியாதவனுக்கு எல்லாம் ஆத்துல என்னய்யா வேலை?" என்று கத்தினார்.

அவருக்கு நம் மொழி அப்போது தெரியாது. ஏதோ வரவேற்புரை என்று நினைத்துக்கொண்டு, இருமிக்கொண்டே இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். லோயிஸ் அம்மா படகிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு அவர்களைப் பிடித்துப்போனது.

வெள்ளத்துக்காக உயரமான மரக்கால்கள் நட்டுக் கட்டிய எங்கள் வீட்டுக்கு அடியில், தரையில்தான் முதல் ஆராதனை. வெள்ளம் வந்தால் ஆராதனையும் மாடிக்கு ஏறும். ஞானஸ்நானம் என்றால் முதலில் ஆண்கள் கழிகளோடு இறங்கித் தண்ணீரை அடித்து, முள்ளால் குத்தும் திருக்கை மீன்களை விரட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் பாட்டும் ஜெபமும். அப்படி விரட்டி, முழுகி, எழுந்து வளர்ந்த சபை எங்கள் சபை.

ஆனால் அந்த மனிதரிடம் ஒரு வியாதி இருந்தது. எதைக் கேட்டாலும் ஒரே பதில்.

"பாஸ்டர், ஆராதனையைக் காலையில வைக்கலாமா, சாயங்காலமா?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"பாஸ்டர், கூரைக்குத் தகரமா, ஓலையா?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"பாஸ்டர், உங்க படகு கயிறு அவுந்து மிதந்து போகுது!"

"நீங்க என்ன... ஐயய்யோ!"

எங்களுக்கு எரிச்சலாக வரும். இவ்வளவு தூரம் வந்தவருக்கு ஒரு விஷயத்தைத் தீர்த்துச் சொல்லத் தெரியாதா என்று கேட்போம். அவருக்கோ உள்ளே வேறு கணக்கு. இது உங்கள் சபை, உங்கள் ஆறு, உங்கள் ஜனம், நீங்களே தீர்மானியுங்கள் என்பது அவர் ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் நாங்கள் லேசுப்பட்டவர்களா? அவர் வாயால் சொல்லாவிட்டால் என்ன, கையால் சொல்லுவாரே!

ஆமாம், கை! சபைக்கூட்டம் கூடும். கேள்வி வைக்கப்படும். அவருக்கும் எல்லோரையும்போல ஒரே ஒரு கைதான். ஆனால் அத்தனை கண்ணும் அந்த ஒரு கையைத்தான் பார்க்கும். அந்தக் கை எழுந்தால் எங்கள் கையெல்லாம் எழும். அந்தக் கை மடியில் கிடந்தால் எங்கள் கையும் மடியில் கிடக்கும். தீர்மானம் எல்லாம் ஏகமனதாக நிறைவேறும். என்ன ஒற்றுமை, என்ன ஒழுங்கு என்று நாங்களே எங்களை மெச்சிக்கொள்வோம்!

அந்த ஒற்றுமைக்குத்தான் ஒரு நாள் ஒரு குளவி வந்து சேர்ந்தது.

என்ன நடந்தது தெரியுமா? கோயிலுக்கு வண்ணம் பூச வேண்டும். வெள்ளை என்றுதான் எல்லோர் மனதிலும் இருந்தது. எராஸ்மோ ஐயாவின் மைத்துனர் படகுக்குப் பூசி மிஞ்சிய ஆரஞ்சு வண்ணம் டப்பா டப்பாவாகக் கிடந்தது. எராஸ்மோ ஐயா எழுந்தார்.

"ஆரஞ்சே அடிச்சிடலாம். சும்மாதானே கிடக்குது?"

எல்லோரும் முகத்தைச் சுளித்தோம். கூட்டத்தை நடத்தியவர் முறைக்காகக் கேட்டார்: "ஆரஞ்சுக்கு யார் யார் சம்மதம்?" அந்த நேரம் பார்த்து வெண்டல் போதகரின் காதருகே ஒரு குளவி ரீங்காரம் போட்டது. மனிதர் விருட்டென்று கையைத் தூக்கி விரட்டினார். அவ்வளவுதான்! பட பட பட என்று சபை முழுவதும் கை! பின்னால் தூங்கிக்கொண்டிருந்தவர்கூடத் தூக்கத்திலேயே தூக்கினார்!

"ஐயோ, நான் குளவியை விரட்டினேன்! எனக்கு ஆரஞ்சு பிடிக்காது!" என்று அலறினார் போதகர்.

"எல்லாரும் கை தூக்கியாச்சு பாஸ்டர். ஏகமனதாப் போச்சு. இனி ஆண்டவர் பார்த்துப்பார்" என்றார் எராஸ்மோ ஐயா.

அதனால்தான் எங்கள் கோயில் இன்றுவரை ஆரஞ்சு! ஆற்றில் மேலே போகிறவரும் கீழே வருகிறவரும் "ஆரஞ்சு சபை வந்துடுச்சு, இறங்குறவங்க இறங்குங்க" என்று சொல்கிறார்களே, அது ஒரு குளவியின் திருப்பணி! சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். நாங்களும் அன்று அப்படித்தான் சிரித்தோம். லோயிஸ் அம்மா பெஞ்சிலிருந்து கீழேயே விழுந்துவிட்டார்.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்து நான் மீன் சட்டியைக் கழுவத் துறைக்குப் போனால், வெண்டல் போதகர் படகு முனையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

"என்ன பாஸ்டர், ஆரஞ்சு அவ்வளவு மோசமாவா இருக்கும்?" என்றேன்.

"ஆரஞ்சு போகட்டும் ஜசிராம்மா. நாளைக்கே நான் இல்லைன்னு வைங்க. இந்தச் சபையில ஒரு கையாவது எழும்புமா?"

பதில் எனக்குத் தெரியும். ஒன்றுகூட எழும்பாது. அன்றுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்று முதல் அவர்கள் இருவரும் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாகத் தங்களைக் காணாமல் அடிக்கும் வேலை! லோயிஸ் அம்மா இசைப்பெட்டி வாசிப்பதை நிறுத்தினார். கேட்டால் "விரல் வலிக்குது" என்பார். ஆனால் என் மகள் எலியெட்டிக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கும்போது மட்டும் அந்த விரல் வலிக்காது! வெண்டல் போதகரோ என் மருமகனின் மோட்டார் பழுதுபார்க்கும் கொட்டகையே கதி என்று கிடந்தார். காலையில் போவார். இவன் மோட்டாரைக் கழற்றுவான், அவர் வேதத்தைத் திறப்பார். எது எண்ணெய்க் கறை, எது எழுத்து என்று தெரியாதபடி அந்தப் பக்கங்கள் எல்லாம் கறுத்துப் போயின.

பிறகு என் மருமகன் பிரசங்கம் பண்ண எழுந்தான். முதல் பிரசங்கம்! கால் இரண்டும் தந்தி அடித்தன. "நம்ம வாழ்க்கையும் ஒரு மோட்டார்தான்" என்று ஆரம்பித்தான். அந்த மோட்டார் கடைசிவரை கிளம்பவே இல்லை! வீட்டுக்கு வந்ததும் கேட்டான்.

"அத்தை, எப்படி இருந்துச்சு?"

"இசைப்பெட்டி நல்லா இருந்துச்சு, மாப்பிள்ளை."

ஆனாலும் விட்டானா? விடவில்லை! ஒரு ஞாயிறு தடுமாறினான், மறு ஞாயிறு தடம் பிடித்தான். பிறகு அவனும் வெண்டல் போதகரும் ஏரி ஏரியாகப் புறப்பட்டார்கள். இந்த அருவானா ஏரிக்கு முதலில் வந்த நாளை இங்கே மறந்தவர்கள் உண்டா? பிரசங்கம் பண்ணியது யார்? கறுத்த, ஒல்லியான, உங்களைப்போலவே பேசுகிற ஒரு மெக்கானிக்! படகைச் சேற்றில் பிடித்துக்கொண்டு, முழங்கால்வரை நனைந்து, தொப்பியால் விசிறிக்கொண்டு நின்றது யார்?

என்னம்மா? சத்தமாச் சொல்லுங்க, எல்லாரும் கேட்கட்டும். "வெள்ளைக்காரப் படகோட்டி"யா? அப்படியா நினைச்சீங்க! கேட்டீங்களா லோயிஸ் அம்மா? இந்த ஊர்ல உங்க வீட்டுக்காரரு வெறும் படகோட்டியாம்!

அன்பானவர்களே, அதைவிடப் பெரிய பட்டம் அவருக்கு வேண்டியதில்லை. அதைக் கேட்டால் அவர் பூரித்துப்போவார்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் ஆராதனை முடிந்து வெண்டல் போதகரும் லோயிஸ் அம்மாவும் எழுந்து நின்றார்கள். "நாங்கள் புறப்படும் காலம் வந்துவிட்டது. உங்களுக்கான போதகரை நீங்களே அழையுங்கள். நீங்கள் சம்மதித்தால் வால்டெனோரை அழையுங்கள்" என்றார்கள். சபையே அழுதது. அழுது முடித்துக் கண்ணைத் துடைத்ததும் எங்கள் ஆட்கள் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"சரி பாஸ்டர், அடுத்த வெள்ளைக்காரர் எப்போ வருவாரு?"

எராஸ்மோ ஐயா அதற்கும் ஒரு படி மேலே போனார். மன்னிச்சுக்குங்க ஐயா, நடந்ததைச் சொல்றேன். சொல்லட்டுமா? தலையாட்டுறாரு, சொல்றேன்.

"வால்டெனோரா? எங்க வீட்டு மோட்டாரையே ரெண்டு வாட்டி பாத்தான், இன்னும் புகையுது. இவன் எங்களைக் கரைசேர்ப்பானாக்கும்!"

இதெல்லாம் என் மருமகன் காதில் விழாமல் இருக்குமா? சபைக்கூட்டத்துக்கு முதல் நாள் என் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தான். பொரித்த மீனை எடுத்து வைத்தால் தொடவில்லை. என் மீனைத் தொடாத ஆளை நான் அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

"அத்தை, நாளைக்கு யாருமே கை தூக்கலைன்னா?"

"தூக்கலைன்னா என்ன? மோட்டாரைப் பாரு."

"இல்லை அத்தை. அதுக்கப்புறம் இந்த ஜனத்து முன்னால எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நிப்பேன்? எலியெட்டியைக் கூட்டிக்கிட்டு மனாவ்ஸ் பட்டணத்துக்குப் போயிடுவேன். கப்பல் பட்டறையில வேலை இருக்குதாம்."

மகள் போய்விடுவாள். மருமகன் போய்விடுவான். வெண்டல் போதகரும் போய்விடுவார். ஆரஞ்சு வண்ணக் கோயில் மட்டும் ஆற்றோரம் நிற்கும், உள்ளே யார் இருப்பார்கள்? மீனை மட்டும் மறுபடியும் அவன் பக்கம் தள்ளி வைத்தேன்.

கூட்ட நாள் வந்தது. கோயில் நிறைந்தது. வெண்டல் போதகர் ஒரு முடிவோடு வந்திருந்தார். தன் கையைப் பார்த்து யாரும் கை தூக்கக் கூடாது என்று, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் கெட்டியாக உட்கார்ந்துகொண்டார். கேள்வி வைக்கப்பட்டது: "சகோதரர் வால்டெனோரை நம் போதகராக அழைக்க யார் யார் சம்மதம்?"

கண்கள் எல்லாம் எங்கே போயின? அந்தத் தொடைக்கு அடியில் போயின! கை வெளியே வரவில்லை. ஒரு கைகூட எழவில்லை. என் மருமகன் தலையைக் குனிந்தான். பக்கத்தில் என் மகள் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா? பாஸ்டர் கையையே மறைச்சுக்கிட்டாரு. அவருக்கே பிடிக்கலை போலிருக்கு!" என்று கிசுகிசுத்தது ஒரு குரல்.

ஐயோ! சபையின்மேல் தன் நிழல் விழக் கூடாது என்று ஒதுங்கிய மனிதர்! அவர் ஒதுங்கியதையே மறுப்பாக எடுத்துக்கொண்டோமே, நாங்கள் என்ன பிறவிகள்! வெண்டல் போதகரின் முகம் சிவந்துபோனது. கையை எடுத்தால் கட்டளை, எடுக்காவிட்டால் மறுப்பு. என்னதான் செய்வார்? தூக்கவும் முடியாமல், விடவும் முடியாமல் தவித்தார்.

அப்போது எழுந்தார் லோயிஸ் அம்மா! கணவரின் முழங்கையைப் பிடித்துத் தூக்கினார்.

"வாங்க வெளியே."

"எங்கேம்மா?"

"மதியச் சாப்பாட்டு மீன் கழுவாம அப்படியே கிடக்குது. உங்க கை சும்மா இருந்தா இவங்க எல்லாரும் அதையேதான் பாப்பாங்க. வாங்க, அதுக்கு வேலை தர்றேன்."

சபை நடுவே, எல்லோர் கண்ணெதிரே, அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டார். கதவும் சாத்தப்பட்டது. நாங்கள் தனியாக இருந்தோம். முதன்முறையாகத் தனியாக இருந்தோம்! எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எராஸ்மோ ஐயா மெல்ல எழுந்து சன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"என்ன பண்றாரு?" என்று அத்தனை பேரும் கேட்டோம்.

"ரெண்டு கையும் தம்பாக்கி மீன் வயித்துக்குள்ள இருக்குது" என்றார்.

அந்த ஒரு வார்த்தை! அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு வெடித்தது பாருங்கள் ஒரு சண்டை! எங்கள் சபை வரலாற்றிலேயே அப்படி ஒரு சண்டை நடந்ததில்லை. அதுவரை வாயே திறக்காதவர்கள் எல்லாம் வாய் திறந்தார்கள். மெக்கானிக் எப்படிப் போதகர் ஆவான் என்று ஒருவர். மீன் பிடித்தவர்கள் அப்போஸ்தலர் ஆகவில்லையா என்று இன்னொருவர். அவன் பிரசங்கம் நீளம் என்று ஒருத்தி. உன் நாக்கைவிடவா என்று இன்னொருத்தி. நானும் எழுந்தேன்.

"என் மருமகன் சோம்பேறி இல்லை, ஆனா சாமானை எடுத்த இடத்துல வைக்க மாட்டான். கேட்டதுக்கு ஒழுங்காப் பதில் சொல்ல மாட்டான். அவன்மேல எனக்கு ஆயிரம் குறை இருக்குது. ஆனா நம்ம துறையில யாரு வீட்டுல அழுகை கேட்டாலும் செருப்பைக்கூடப் போடாம ஓடுறான். அது வேண்டாம்னா சொல்லிடுங்க, மனாவ்ஸ்காரங்க எடுத்துக்கட்டும்!"

உட்கார்ந்துவிட்டேன். அப்போது எராஸ்மோ ஐயா சன்னலைவிட்டு நடுவே வந்தார். இவர் எழுந்தால் எதிர்ப்புத்தான் என்று எல்லோரும் நினைத்தோம். இவர் பேசியதை அப்படியே சொல்கிறேன்.

"என் வீட்டுக்காரி செத்துப்போன வருஷம் ஞாபகம் இருக்குதா? வெள்ளம் மச்சு வரைக்கும் நின்னுச்சு. பாஸ்டர் ஊர்ல இல்லை. என் வீட்டுக்கு ஒருத்தராலயும் வர முடியலை. இவன் வந்தான். வந்து ஆறுதல் ஒண்ணும் சொல்லலை. நானும் ஒண்ணும் கேக்கலை. ஒரு மூலையில கிழிஞ்ச வலை கிடந்துச்சு. அதை எடுத்து வச்சுக்கிட்டு என் பக்கத்துல உக்காந்து பின்ன ஆரம்பிச்சான். தண்ணி வடியுற வரைக்கும் பின்னிக்கிட்டே இருந்தான். நான் அழும்போது நிறுத்துவான், அழுது முடிச்சா மறுபடி பின்னுவான். அந்த வலையிலதான் இன்னிக்கும் மீன் பிடிக்கிறேன். அன்னிக்கே இவன் எனக்குப் போதகர் ஆயிட்டான். எனக்குத்தான் அது இப்பப் புரியுது. மோட்டார் புகைஞ்சா புகைஞ்சுட்டுப் போகட்டும்!"

சொல்லிவிட்டுத் தூக்கினார் ஐயா கையை! ஆற்றிலிருந்து ஒரு மனிதரை இழுத்துப்போட்ட அதே கை! யாரைப் பார்த்துத் தூக்கினார்? யாரையும் பார்த்து இல்லை! அடுத்து ஒரு கை, அதற்கு அடுத்து ஒரு கை. வலை இழுக்கும் கை எழுந்தது, வயல் கொத்தும் கை எழுந்தது, துணி துவைத்து வெளுத்த கை எழுந்தது, துடுப்புப் பிடித்துக் காய்த்த கை எழுந்தது. படபடவென்று எழவில்லை அன்பர்களே. ஒவ்வொன்றாக, யோசித்து யோசித்து எழுந்தது. நான் கடைசியில்தான் தூக்கினேன். மாமியார் அல்லவா, மரியாதையை விட்டுக்கொடுக்கலாமா? ஆனால் தூக்கிய கையை இறக்க எனக்கு மனமே வரவில்லை. அழுதுகொண்டே நின்றேன்.

எராஸ்மோ ஐயாதான் முதலில் ஓடினார், நாங்கள் எல்லோரும் பின்னால் ஓடினோம். வெண்டல் போதகர் மீன் பலகை முன்னே குந்தியிருந்தார். இரண்டு கைகளும் முழங்கைவரை செதில். எங்களைப் பார்த்து எழுந்தார். கேட்கப் பயந்துகொண்டே கேட்டார்.

"என்ன ஆச்சு?"

"எங்களுக்குப் போதகர் கிடைச்சுட்டாரு பாஸ்டர்" என்றார் எராஸ்மோ ஐயா.

"யாரு முதல்ல கை தூக்கினது?"

"நான்தான்."

வெண்டல் போதகர் கண்ணில் தாரை தாரையாக நீர். துடைக்கக் கையைத் தூக்கினால் கையெல்லாம் மீன் செதில். லோயிஸ் அம்மாதான் தன் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் துடைத்துவிட்டார். அந்தச் செதில் கையோடேயே போதகர் எராஸ்மோ ஐயாவைக் கட்டிப்பிடித்தார், என் மருமகனைக் கட்டிப்பிடித்தார். அன்று புதுப் போதகரின் சட்டையில் அடித்த மீன் நாற்றம் துவைத்தும் போகவில்லை. இத்தனை வருடம் எங்களுக்காக எதையெதையோ செய்த மனிதர், எங்களுக்குச் செய்ததிலேயே பெரிய உதவி அந்த மீன் கழுவியதுதான்!

அவர்கள் இருவரும் தங்கள் நாட்டுக்குப் போனார்கள். சபை செத்ததா? இல்லை! சாய்ந்ததா? இல்லை! துகுமான் துறையில் மட்டும் நின்றதா? அதுவும் இல்லை! என் மருமகனும் நீங்களும் சேர்ந்து இந்த ஏரிக்கரையில் கூரை போட்டீர்கள், தூண் நட்டீர்கள், பாட்டுக் கற்றீர்கள். இந்த அமரில்டோ உங்களுக்குள்ளேயே முளைத்தார். மாவு வறுத்துக்கொண்டே மனப்பாடம் பண்ணினார், மாவு தீய்ந்ததுகூடத் தெரியாமல் ஜெபம் பண்ணினார்.

அந்தத் தீய்ந்த மாவைத் தின்னவங்க யாரு? அடேயப்பா, எத்தனை பேரு! அமரில்டோ, தலையைக் குனியாதீங்க, அன்பாத்தான் சிரிக்கிறாங்க.

ஆனால் அருவானா ஏரிச் சனங்களே, காலையிலிருந்து உங்களையும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பாட்டு எது பாடலாம் என்று கேட்டால் உங்கள் கண் எங்கே போகிறது? என் மருமகன் முகத்துக்குப் போகிறது. பந்தியை எங்கே போடலாம் என்றால்? அவன் முகத்துக்குத்தான். காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று உங்களிடம் கேட்டேனே, அதற்குக்கூட அவன் முகத்தைப் பார்த்தீர்கள்! உங்கள் காப்பி இனிக்கிறதா என்று என் மருமகனுக்கு எப்படி அம்மா தெரியும்?

அன்று எங்கள் கண்ணெல்லாம் வெண்டல் போதகர் கையில். இன்று உங்கள் கண்ணெல்லாம் வால்டெனோர் கையில். கை மாறினால் போதுமா? கண் மாற வேண்டாமா?

இப்போது சொல்கிறேன், அந்த நாற்காலிகள் ஏன் காலி என்று. கூட்டம் தொடங்கும் முன் நானே என் மருமகனைக் கூப்பிட்டேன்.

"மாப்பிள்ளை, கையை நீட்டு."

"எதுக்கு அத்தை?"

"நீட்டுன்னா நீட்டு."

நீட்டினான். கத்தியை வைத்தேன். மாவுக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு படகு நிறையத் தம்பாக்கி மீன் கிடக்கிறது. அவனுக்கு இந்தப் பக்கம், வெண்டல் போதகருக்கு அந்தப் பக்கம். பழைய கையும் புதுக் கையும் இந்நேரம் முழங்கைவரை செதிலோடு இருக்கும்! லோயிஸ் அம்மாவின் இரண்டு கையிலும் ஏன் குழந்தைகளைக் கொடுத்தேன் என்று இப்போது புரிகிறதா? தலைவர் கையில் மணி இருக்கிறது. எனக்கு இங்கே வாக்கு இல்லை, ஆகவே இதோ, என் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். பாருங்கள், இந்த மேடை முழுவதும் தேடிப் பாருங்கள். நீங்கள் பார்த்துத் தூக்குவதற்கு ஒரு கைகூட இங்கே இல்லை!

இனி இருப்பது உங்கள் கைதான். அமரில்டோ வேண்டாம் என்று தோன்றினால் தூக்காதீர்கள், அதுவும் உங்கள் உரிமை. சண்டை போடத் தோன்றினால் போடுங்கள், எங்களைவிடச் சத்தமாகப் போடுங்கள். ஆனால் வேண்டும் என்று உங்கள் நெஞ்சு சொன்னால், பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்காமல், பாஸ்டரைப் பார்க்காமல், பரலோகத்தை மட்டும் பார்த்து உயரட்டும் அந்தக் கை! வலைக்கு உயர்ந்த கை, வறுமையிலும் கொடுத்த கை, வெள்ளத்தில் ஒருவரையொருவர் பற்றிக்கொண்ட கை, இன்று உங்கள் சபைக்காக உயரட்டும்! நாளை இங்கிருந்து அடுத்த ஏரிக்கு அமரில்டோ பிரசங்கம் பண்ணப் போகும்போது, படகைச் சேற்றில் பிடித்துக்கொண்டு நிற்க என் மருமகன் வருவான். அதற்கு நான் பொறுப்பு!

இத்தனை நேரம் இந்த மீன்காரியைப் பொறுத்துக்கொண்ட தலைவர் ஐயாவுக்கும், தாய்மாருக்கும், தலைக்குமேல் சடசடத்தும் என் குரலை அமுக்காத தகரக் கூரைக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அருவானா ஏரிக்கரை வாழ்க, இதன் பிள்ளைகள் பெருகுக, கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீடுகளில் நிறைந்து...

அம்மா, அம்மா! ஊதாச் சட்டைக்காரம்மா! கையை இறக்குங்க, தலைவர் இன்னும் கேள்வியே கேக்கலை! அட, பக்கத்துல நீங்களுமா? அந்தப் பெரியவரும்? பின்னால தூண்கிட்டயும்? ஐயோ ஆண்டவரே, யாரும் யாரையும் பாக்கவே இல்லையே! இறக்காதீங்க, இறக்காதீங்க! எராஸ்மோ ஐயா, எழுந்திருங்க, சீக்கிரம் கேள்வியைக் கேளுங்க, இவங்க கை வலிக்கப் போகுது! அங்கே யாராவது கொட்டகைக்குப் பின்னால ஓடுங்க. கத்தியைக் கீழே வச்சுட்டு வரலாம்னு அவங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லுங்க!